முசலமும் பிஸ்டனும்

கற்றவர் எனப்படுவோர் கையிலே கரி படியலாகாது என்றோர் எழுதாச் சட்டம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அச்சட்டத்தை அறுபத்தைந்தாம் வயதிலே மீறிய ஒருவன் எழுதும் கட்டுரை இது. மீறியதனாற் பெற்ற பயனைச் சொல்வது என் நோக்கங்களுள் ஒன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாயிருந்து அச்சட்டத்தைக் காத்து நின்றமைக்காக வருந்துவது மற்றொன்று.

எங்கள் வீட்டு முற்றத்திலே ஒரு மொறிஸ் மைனர் கார் நிற்கின்றது. 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்த அவ்வகைக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். ஏறக்குறைய இரு தசாப்தங்களிலே பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை உருவாகி வெளிவந்தன. இலங்கையிலே ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் அதனை விரும்பி வாங்கினர். எங்களுடையது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்டது. 1960இல் என் தந்தையார் வாங்கியது. அவர் மறைந்தபின் காரும் வீடும் என் பொறுப்பில் வந்தன. வீட்டைப் பேண அறிந்தேன். காரைப் பேண அறிந்தேனல்லேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அத்தடை 2025 வரை நீடித்தது. அவ்வாண்டுகளிலே பழைய கார்களின் விலை விண்ணை நோக்கி ஏறிக்கொண்டிருக்க, எங்கள் கார் மட்டும் நாளுக்கு நாள் தளர்ந்து வந்தது. புகைக் குழாயிலே நீலப் புகை தோன்றிற்று. வாரந்தோறும் எஞ்சின் ஒயில் குறைந்தது. அடியிலிருந்து 'டக், டக்' என்றோர் ஓசையும் கேட்கலாயிற்று. மேடு பள்ளமற்ற யாழ்ப்பாணத்துச் சமநிலம் அதன் தளர்ச்சியை நெடுநாள் மறைத்து வைத்திருந்தது போலும். 2021ஆம் ஆண்டிலே, தேய்ந்த உறுப்புகளை வீட்டில் வைத்தே மாற்றுவதெனத் துணிந்தேன். இதனைக் கேள்வியுற்ற நண்பரொருவர், "ஓய்வூதியம் பெறும் ஆசிரியருக்கு இஃதென்ன வேலை? கராஜிலே கொடுத்துவிட்டுப் புத்தகம் படிக்கலாமே" என்றார். நண்பரின் கூற்றிலே அன்பும் இருந்தது. அந்த எழுதாச் சட்டமும் இருந்தது.

எனக்குத் துணையாய் வந்தவர் எங்கள் ஒழுங்கையிலே வாழும் முதிய மெக்கானிக் ஒருவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அண்ணை என்றே அவரை அழைப்பேன். கண் மங்கிவிட்டது, கை நடுங்குகின்றது. மாமரத்தின் கீழே கதிரையொன்றில் இருந்து, வேலையைச் சொல்லித் தருவதாக அவர் உடன்பட்டார். என் தந்தையாரின் காலத்திலேயே அந்த எஞ்சினை அறிந்தவர் அவர்.

அறிந்தவர் என்று சொல்வதன் பொருளைச் சிறிது விளக்கல் வேண்டும். 1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் பற்றரியும் வடபகுதிக்கு வருவது தடைப்பட்டது. அவ்வாண்டுகளிலே யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடியமை இன்றைய மாணவருக்குப் புதுமையாய்த் தோன்றக்கூடும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதன்று. ஆதலின், காபரேற்றரிலே சிறிது பெற்றோலை வார்த்து எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குறைந்த நெருக்க விகிதங்கொண்ட பழைய எஞ்சின்களே இதனைத் தாங்கின. ஆயின், எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அங்குள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். மசகு குன்றவே உலோகம் உலோகத்தைத் தின்னும். நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியசாலைக்குச் சென்றது இவ்வாறு தம்மைத் தாமே தின்று ஓடிய கார்களிலேதான். அவற்றை நாளைக்கும் ஓடச் செய்தவர்கள் அண்ணையைப் போன்றோர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது நாங்கள் விட்டுச் சென்ற காரை, 1996இல் சக்கரமும் பற்றரியுமின்றிக் கண்டபோது, மீண்டும் அதற்கு உயிர் கொடுத்தவரும் அவரே.

வேலை தொடங்கிய முதல் நாளிலே, புதிய ரிங்குகளை வாங்கிப் போட்டுவிட்டாற் போதாதோ என்று கேட்டேன். "மாஸ்டர், வருத்தம் எதெண்டு தெரியாமல் மருந்து குடுக்கக் கூடாது" என்றார் அண்ணை. பிளக்குகளைக் கழற்றி, நெருக்கத்தை அளக்கும் மானியை ஒவ்வொரு துவாரத்திலும் வைத்து எஞ்சினைச் சுழற்றச் செய்தார். இரண்டாம், நான்காம் உருளைகளிலே அளவு குறைந்திருந்தது. அடுத்து, அவ்விரண்டினுள்ளும் ஒவ்வொரு கரண்டி ஒயில் வார்த்து மீண்டும் அளக்கச் சொன்னார். இரண்டாம் உருளையின் அளவு ஏறிற்று. நான்காவதன் அளவு ஏறவில்லை. ஒயில் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சற்று நேரம் அடைக்கும். வால்வின் ஒழுக்கை அடைக்காது. ஆகவே இரண்டாவதிலே குற்றம் ரிங்கினது. நான்காவதிலே குற்றம் வால்வினது. எஞ்சினைத் திறவாமலே இம்முடிவுக்கு வந்தார். பின்னர்த் திறந்தபோது, நான்காம் உருளையின் புகைபோக்கு வால்வு ஓரம் கருகிக் கிடந்தது.

வாசகர்களுள் விஞ்ஞான ஆசிரியர் பலர் இருப்பர். அவர்களைக் கேட்கின்றேன்: ஏனையவற்றை மாற்றாது ஒன்றை மட்டும் மாற்றி, அதனால் விளைவதை நோக்கி, காரணத்தைத் துணிவதன்றோ நாம் பரிசோதனை என்று கரும்பலகையில் எழுதுவது? இத்துணைத் தெளிவாக அதனை நான் எந்த வகுப்பிலும் கற்பித்ததில்லை.

இதனிலும் மேலானதொன்று இரண்டாம் வாரத்தில் நிகழ்ந்தது. அயலவர் நால்வரின் உதவியோடு, மாமரக் கிளையிலே செயின் புளொக்கை மாட்டி எஞ்சினைத் தூக்கி இறக்கினோம். உருளைகளின் உட்சுவர் எவ்வளவு தேய்ந்துள்ளது என்று காண வேண்டும். உள்விட்டத்தை அளக்கும் நுண்கருவி எங்களிடம் இல்லை. அண்ணை ஒரு பழைய ரிங்கை உருளையினுள்ளே இட்டு, பிஸ்டனின் தலையால் அதனை நேராக்கித் தள்ளச் சொன்னார். ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியை, மெல்லிய உருக்குத் தகடுகள் கோத்த பீலர் கேஜினால் அளந்தேன். தேய்வில்லாத அடிப்பகுதியிலே அங்குலத்தின் ஆயிரத்தில் 22 கூறு. பிஸ்டன் திரும்பும் மேற்பகுதியிலே 70 கூறு. வேறுபாடு 48. "மூண்டாலே பிரியுங்கோ. பதினாறு தேய்ஞ்சிருக்கு" என்றார் அண்ணை.

நான் திகைத்து நின்றேன். ஏன் மூன்றால் வகுக்க வேண்டும்? மறுகணமே விளங்கிற்று. ரிங்கின் வாய் விரிவது வட்டத்தின் சுற்றளவு கூடியமையால். சுற்றளவு கூடுவதோ விட்டம் கூடியதன் 'பை' மடங்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனிதர் 'பை' என்னும் மாறிலியை அதன் பெயர் அறியாது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டு வந்திருக்கின்றார்! நானோ அம்மாறிலியின் பெயரை ஆயிரக்கணக்கான மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தவன். அதனைக் கொண்டு ஒரு பொருளின் தேய்வை அளக்கலாம் என்று ஒருபோதும் நினையாதவன். ஏழில் இருபத்திரண்டு என்னும் அளவால் வகுத்து, "பதினைந்தேகாலுக்குச் சற்று மேல், அண்ணை" என்றேன். அவர் சிரித்தார். "அந்த முக்காலிலை ஒண்டும் இல்லை. எப்படியும் முப்பது போடவேணும்" என்றார். தேய்ந்த உருளையைப் பெருப்பித்து, ஆயிரத்தில் முப்பது கூறு பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும் என்பது அதன் பொருள். நான் முதலில் எண்ணியவாறு புதிய ரிங்கை மட்டும் போட்டிருந்தால், உருளையின் உச்சியிலே தேயாது நின்ற விளிம்பில் அது மோதி உடைந்திருக்கும். பணமும் உழைப்பும் புகையாய்ப் போயிருக்கும்.

உருளையைப் பெருப்பித்தலும் கிராங்கைக் கடைதலும் வீட்டிலே செய்யக்கூடியன அல்ல. எதனை நம் கையால் செய்யலாம், எதனைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவதும் இத்தொழிலின் ஒரு பகுதியே. அவற்றை நகரிலுள்ள ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். பட்டறையின் உரிமையாளர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "சேர்" என்று கைகூப்பினார். என் பழைய மாணவர்.

அவரை உடனே அடையாளங் கண்டேன். 1986ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பிலே, நான் நாலடிப்பு எஞ்சினின் படத்தை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் தம் கொப்பியின் ஓரத்திலே வேறேதோ வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உழவு இயந்திரமொன்றின் பற்சக்கரங்கள். "நீ கராஜிலே ஒயில் துடைக்கத்தான் சரி" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அடுத்த ஆண்டு அவர் பள்ளிக்கு வரவில்லை. அதற்குக் காரணம் என் சொல்லோ, வீட்டு வறுமையோ, அக்காலத்து நிலைமையோ நான் அறியேன், அறிய முயன்றதுமில்லை. பட்டறையிலே அவர் அதனை நினைவுகூரவில்லை. நினைவிருக்கின்றதா என்று கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை. நான்கு உருளைகளையும் செவ்வனே பெருப்பித்து, ஒவ்வொன்றையும் என் கண்ணெதிரே அளந்து காட்டி, நியாயமான கூலியை மட்டும் பெற்றுக்கொண்டார். அன்று நான் வரைந்தது எஞ்சினின் படம். அவர் வரைந்ததும் எஞ்சினைச் சார்ந்ததே. இரண்டையும் ஒன்றென்று காணும் கண் என்னிடம் இருக்கவில்லை.

இலண்டனிலுள்ள மைத்துனர் பிஸ்டன்களையும் ரிங்குகளையும் பேரிங்குகளையும் வாங்கி அனுப்பினார். ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும்போது சற்று மிகையாக விரித்துவிட்டேன். 'கிளிக்' என்றோர் ஓசை, ரிங் இரண்டாயிற்று. வார்ப்பிரும்பு வளையாது, ஒடியும் என்று எத்தனை வகுப்புகளிலே கூறியிருப்பேன்! விரல் அதனை அன்றுதான் கற்றது. மற்றொரு ரிங் வந்து சேர ஐந்து வாரங்கள் கழிந்தன.

பிக் எண்ட் பேரிங்குகளின் ஆணிகளை இறுக்கும் நாள் வந்தது. இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானரை லேத் பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஒரு காலத்திலே அண்ணைக்கு அது வேண்டியதில்லை. அவருடைய தோளே அளவுகோலாயிருந்தது. இம்முறையும் அவரையே இறுக்கச் சொன்னேன். அவர் மறுத்தார். "இப்ப என்ர கையை நம்பேலாது, மாஸ்டர். அளந்து பாருங்கோ" என்றார். தம் கையின் தேய்வையும் அளந்து அறிந்த மனிதர் அவர். வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்யும்போது ஒரு சூத்திரம் சொல்லித் தந்தார்: "ஒன்பதை நினைச்சுக்கொள்ளுங்கோ." எட்டாம் வால்வு முற்றாகத் திறந்திருக்கையில் முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதையும் சரிசெய்ய வேண்டும், கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. இதனை எந்நூலிற் கண்டீர்கள் என்று கேட்டேன். தம் குருநாதர் சொன்னது என்றார். அவருக்கு யார் சொன்னாரோ? இவ்வாறு வாய்வழி வந்த சூத்திரங்கள் அவரிடம் எத்தனையோ உள. அவற்றைக் கேட்டுக்கொள்ள அவருக்கு ஒரு சீடன் இல்லை. மக்கள் மூவரும் கடல் கடந்து வாழ்கின்றனர்.

இனி, மொழியைப் பற்றிச் சில சொற்கள். வேலையினிடையே ஒரு நாள், பள்ளிப் பாடநூலிலே பிஸ்டனுக்கு 'முசலம்' என்று பெயர் என அண்ணையிடம் கூறினேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். உலக்கை என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரியாத்தானே சொல்லியிருக்கினம்! உரலுக்குள்ளை உலக்கை மாதிரித்தானே போய் வருது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பிஸ்டன் என்னும் சொல்லும் இடித்தல் என்னும் பொருளுடைய இத்தாலிய வினையடியாகப் பிறந்து, பிரெஞ்சின் வழியாக ஆங்கிலம் புகுந்ததே. எனவே முசலம் என்று ஆக்கியவர் வேரறிந்து ஆக்கினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல் வகுப்பறையைத் தாண்டி வெளியே வரவில்லை. பட்டறைச் சொல்லோ வகுப்பறையினுள்ளே நுழையவில்லை. ஒரே தெருவிலே, ஒரே பொருளுக்கு, ஒருவரையொருவர் அறியாத இரு தமிழ்கள் வாழ்கின்றன. நம் கலைச்சொல் முயற்சியின் குறை சொற்களில் இல்லை. சொல்லை ஆக்கியோர் கராஜ் வாசலை மிதியாததில் இருக்கின்றது.

இவ்விடத்திலே நமக்கு ஒரு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். 1875இல் வெளிவந்த இரசாயன நூலொன்றின் பெயர் 'கெமிஸ்தம்'. பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் உடை உடுத்திய பெயர் அது. தூய்மை கருதுவோர் அதனை ஏற்காதிருக்கலாம். ஆயின் அம்முயற்சியின் அடிப்படை யாது? தொழிலைச் செய்யும் கைகளுக்கு நூல் எட்டவேண்டும் என்பதே. மனித உடலைத் திறந்து பார்ப்பதற்குத் தமிழில் நூல் செய்த மண்ணிலே, ஒரு மோட்டார் எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு உதவும் தமிழ் நூலொன்றை, என் வேலை தொடங்கியபோது, தேடித் தேடியும் நான் கண்டிலேன். ஆங்கிலக் கைந்நூலே எனக்கு உதவிற்று. அதனை அண்ணையால் வாசிக்க முடியாது. அண்ணையின் அறிவு அதிலே இல்லை.

இதற்குச் சில மறுப்புகள் எழலாம். 2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை இடம்பெற்றுள்ளதே என்பர். நன்றே, வரவேற்கத்தக்கதே. எனினும் அத்துறைக்கு ஒரு மாணவனை அனுப்புகையில் நம்முள் எத்தனை பேர் 'வேறு வழியில்லை' என்னும் குரலிலே பேசுகின்றோம் என்பதை நெஞ்சிற் கைவைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடத்திட்டம் மாறிற்று, அந்தக் குரல் மாறவில்லை. நவராத்திரி நிறைவிலே ஏட்டையும் ஆயுதத்தையும் ஒரே பீடத்தில் வைத்து வணங்குகின்றோம். மறுநாள் ஏட்டை அறைக்குள்ளும் ஆயுதத்தைக் கொட்டிலுக்குள்ளும் கொண்டுபோய் வைத்துவிடுகின்றோம்.

மின்சாரக் கார் வந்துவிட்டது, பெற்றோல் எஞ்சினின் காலம் முடியப்போகின்றது, இக்கவலை எதற்கு என்பர் வேறு சிலர். பிஸ்டன் போகலாம். ஆயின் எந்தப் பொருளும் தேயும். தேய்ந்ததை அளந்து, தேயாததைக் காத்து, வேண்டியதை மட்டும் மாற்றும் பழக்கம் போய்விடலாகாது. அளந்து பாராதவன் இரண்டிலொன்றே செய்வான்: எல்லாவற்றையும் வீசுவான், அன்றேல் உடைந்ததன்மேல் புதியதைப் பூட்டி, இரண்டையும் கெடுப்பான். இது காருக்கு மட்டும் பொருந்துவதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் ஊரிலே முதிய மெக்கானிக் ஒருவர், கொல்லர் ஒருவர், வள்ளம் கட்டுபவர் ஒருவர் இருப்பார். அவரை ஒரு நாள் வகுப்பறைக்கு அழையுங்கள். விருந்தினராக அன்று, ஆசிரியராக. மாணவர் அவர் கூறுவதை அவருடைய சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். பாடநூற் சொல்லை அதன் அருகே எழுதட்டும். இலக்கிய வட்டங்களும் ஒரு மாதக் கூட்டத்தையேனும் இதற்கு ஒதுக்கலாம். கிராமியப் பாடல்களைத் தேடித் தொகுத்தோம்; அது நற்பணி. பட்டறைச் சூத்திரங்களும் வாய்மொழிச் செல்வமே. அவை எவர் ஏட்டிலும் இல்லை.

கார் இன்று ஓடுகின்றது. புகை இல்லை, 'டக், டக்' ஓசையும் இல்லை. முதல் ஐந்நூறு மைல்களுக்கு விரைந்து ஓட்டலாகாது என்று அண்ணை கட்டளையிட்டார், அவ்வாறே ஓட்டினேன். முதல் ஓட்டத்திலே அவரை முன்னாசனத்தில் இருத்தி, லேத் பட்டறை வரை சென்று வந்தேன். இரவல் வாங்கிய ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய வேறொன்றும் இருந்தது. இம்முறை அதனைச் சொல்லிவிட்டேன். என் பழைய மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு பொனற்றைத் திறந்து, எஞ்சினின் ஓசையைக் கேட்டார். "நல்லாச் செய்திருக்கிறியள், சேர்" என்றார்.

மாலை வேளைகளிலே அண்ணையின் வீட்டுத் திண்ணைக்கு ஒரு கொப்பியோடு செல்கின்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகின்றேன். அவர் எண்பதைக் கடந்துவிட்டார். சில நாட்களிலே நினைவு தடுமாறுகின்றது. கொப்பி இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.